எந்தக் கைக்கு எந்த வால்வு ஆம்ப்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்கிதார் வாசிப்பவர்களுக்கு ஏற்ற உயர்தர வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் தந்திருக்கிறேன். அமெரிக்கர் ‘டியூப்’ என்பதை ஆங்கிலேயர் ‘வால்வு’ என்பர். பழைய ரேடியோவின் காலத்திலிருந்தே நம் வீடுகளில் வழங்கிவரும் சொல்லும் வால்வு என்பதால் அதையே பயன்படுத்துகிறேன்.

கேள்வி: ஐயா, இருபது ஆண்டுகளாக ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் ப்ளூஸும் எழுபதுகளின் ராக் இசையும் வாசித்துவருகிறேன். இதுவரை டிரான்சிஸ்டர் ஆம்ப்தான் வைத்திருந்தேன். நல்ல வால்வு ஆம்ப் வாங்க இப்போது பணம் சேர்த்துவிட்டேன். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், 50 வாட் மார்ஷல், வாக்ஸ் ஏசி30 ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்று முடிவெடுக்க முடியவில்லை. குடியிருப்பது அடுக்குமாடி வீடு. மாதம் இருமுறை நூறு பேர் அமரும் அரங்கில் குழுவோடு வாசிப்பேன்.
வாசகர், அண்ணா நகர், சென்னை

பதில்: வால்வு ஆம்ப் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால், ஒலி தெளிவிலிருந்து மெல்லக் கரகரப்புக்கு மாறும் இடம் அது. அந்த எல்லையை ஒட்டி வாசிக்கும்போது, மெதுவாகத் தொட்டால் தெளிந்த சுரமும் அழுத்தி மீட்டினால் கரகரத்த சுரமும் வரும். கையின் ஒவ்வோர் அழுத்தமும் ஒலியில் தெரியும். ப்ளூஸ் வாசிப்பவர் வால்வு ஆம்புக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்த எல்லைக்காகத்தான். ஆகவே, நீங்கள் வாசிக்கும் அரங்கு தாங்கக்கூடிய சத்தத்தில் அந்த எல்லை வருகிறதா என்பதைத்தான் மூன்று ஆம்ப்களிலும் முதலில் பார்க்க வேண்டும்.

டீலக்ஸ் ரிவெர்ப் 1963-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில், லியோ ஃபெண்டரின் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. இரண்டு 6வி6 வால்வுகள், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 22 வாட் என்பது அதன் அளவு. வீட்டு மின்சாரத்தை ஒருதிசை மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபயர் வேலையையும் இதில் ஒரு வால்வே செய்கிறது. ஓங்கி மீட்டும்போது ஆம்ப் திடீரென்று அதிக மின்னோட்டத்தைக் கேட்க, அந்த வால்வு கொடுக்கும் மின்னழுத்தம் ஒரு கணம் தளர்ந்து பிறகு மீள்கிறது. அதனால் சுரத்தின் தொடக்கம் சற்று அமுங்கி, பின்பகுதி மலர்ந்து வரும். தந்தியின் அடியில் ஸ்பிரிங் வைத்தது போன்ற இந்த நெகிழ்வை விரல்கள் உடனே உணரும். வால்யூம் பாதியைத் தாண்டும் இடத்தில் எல்லை வந்துவிடுகிறது என்பதால், நூறு பேர் அரங்கில் டிரம்ஸோடு சேர்ந்து ஒலிக்க இது போதும். குறை என்று சொன்னால், ஃபெண்டரின் டோன் சுற்று நடு அலைவரிசையைக் கணிசமாகக் குறைத்துவிடும். இந்த மாடலில் அதைத் திரும்பக் கூட்ட ‘மிட்’ குமிழும் கிடையாது. தனியாக வாசிக்கும்போது அழகாக இருக்கும் ஒலி, கீபோர்டும் பேஸும் சேர்ந்ததும் மறைந்துபோவதாகப் பலர் வருந்துவது இதனால்தான். நடு அலைவரிசையைத் தூக்கிக் கொடுக்கும் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் (காலால் இயக்கும் ஒலிமாற்றுப் பெட்டி) ஒன்றை முன்னால் வைத்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். ஃபெண்டர் ஆம்பும் அந்தப் பெடலும் நெடுங்காலமாக இணைபிரியாமல் வருவதற்குக் காரணமும் இந்தப் பொருத்தமே.

மார்ஷலின் கதை ஃபெண்டரிலிருந்தே தொடங்குகிறது. லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷல், அமெரிக்க ஆம்ப்கள் இங்கிலாந்தில் மிகுந்த விலைக்கு விற்ற காலத்தில், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் சுற்றை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டு 1962-இல் ஜேடிஎம்45 ஆம்பை உருவாக்கினார். ஆனால் முதல் நிலையில் அதிகப் பெருக்கம் தரும் ஈசிசி83 வால்வு, இங்கிலாந்தில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர்கள், பின்புறம் திறந்த பெட்டியில் இருந்த நான்கு 10 அங்குல ஸ்பீக்கருக்குப் பதிலாக மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர் என்று மாறியதும், ஒரே சுற்று முற்றிலும் வேறு குரலில் பேசத் தொடங்கியது. அறுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு இஎல்34 வால்வுகளும் வந்துசேர, நாம் இன்று மார்ஷல் என்று அடையாளம் காணும் அந்த நடு அலைவரிசை முழக்கம் நிலைபெற்றது. எழுபதுகளின் ராக் இசைக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி எனக்குத் தெரியாது. ஆனால் மாஸ்டர் வால்யூம் (கரகரப்பை வைத்துக்கொண்டே இறுதிச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) இல்லாத 50 வாட் மார்ஷலின் எல்லை, டிரம்ஸையும் பாடகரின் குரலையும் மூழ்கடிக்கும் சத்தத்தில்தான் வருகிறது.

ஏசி30 இவ்விரண்டிலிருந்தும் வேறு வழியில் சென்றது. கென்ட் மாவட்டத்தின் டார்ட்ஃபர்டில் டாம் ஜென்னிங்ஸின் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்து 1959-இல் வெளிவந்த இந்த ஆம்பில் நான்கு இஎல்84 வால்வுகள் உள்ளன. வெளியீட்டில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே கொடுத்துக் கட்டுப்படுத்தும் எதிர்மறைப் பின்னூட்டம் இதில் இல்லை. அதனால் தெளிவிலிருந்து கரகரப்புக்கு மாறுவது படிப்படியாக நிகழ்கிறது. மேல் அலைவரிசையில் ஒரு மணியோசையும் இருக்கிறது. திறந்த கார்டுகளை மீட்டும் ரிதம் கலைஞருக்கு இது வரம். ஆனால் 30 வாட் என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது; இது மிகவும் சத்தமான ஆம்ப். 30 கிலோவுக்கு மேல் எடையும் உண்டு. அடுக்குமாடிப் படிகளில் மாதம் இருமுறை ஏற்றி இறக்குபவர் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் கைக்கும் அரங்குக்கும் டீலக்ஸ் ரிவெர்ப் என்பதே என் பரிந்துரை. எழுபதுகளின் ராக் பாடல்களுக்கு மார்ஷல் சாயலைத் தரும் பெடல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ஷல் மேல்தான் மனம் நிலைத்திருக்கிறது என்றால், அதே குடும்பத்தின் 20 வாட் மாடல்களைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்பைவிட இருமடங்கு சத்தமாக ஒலிக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?
வாசகர், திருச்சி

பதில்: இல்லை. திறனை இருமடங்காக்கினால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். அது காதுக்குத் தெளிவாகத் தெரியும் ஒரு கூடுதல், அவ்வளவே. இருமடங்கு சத்தம் என்று காது உணர வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். அதாவது 10 வாட் ஆம்புக்கு இருமடங்கு சத்தமாக ஒலிப்பது 100 வாட் ஆம்ப்.

ஸ்பீக்கரின் உணர்திறனுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் தரும் ஸ்பீக்கரைப் பொருத்தினால், ஆம்பின் திறனை இருமடங்காக்கிய அதே பலன் கிடைக்கும். ஆம்ப் மிகுந்த சத்தமாக இருக்கிறது என்று வருந்துபவர்களும் இதே கணக்கைத் திருப்பிப் போட்டு, உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரைத் தேடலாம்.

100 வாட் வாங்குவதற்கு நியாயமான காரணம் வேறொன்று. எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் ஒலி கலங்காமல் தெளிவாகவே இருக்க வேண்டும், கீழ்த்தந்திகள் குழையாமல் திடமாக ஒலிக்க வேண்டும் என்று விரும்புபவருக்கு அந்தக் கூடுதல் திறன் இடம் கொடுக்கிறது. நீங்கள் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

கேள்வி: வணக்கம். மின்கிதாரில் கர்நாடக இசை வாசிக்கிறேன். கமகங்கள் எடுக்கும்போது சுரம் பாதியிலேயே அடங்கிவிடுகிறது. கெயினை (ஆம்பின் முன்நிலைப் பெருக்கத்தை) கூட்டினால் நீளம் வருகிறது, ஆனால் ராகம் கலங்குகிறது. எனக்கு ஏற்ற வால்வு ஆம்ப் எது?
வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: இந்தக் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. மின்மாண்டலினில் யு. ஸ்ரீனிவாஸும் கிதாரில் ஆர். பிரசன்னாவும் கர்நாடக இசைக்கு மின்னொலியை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆம்ப்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி ராக் வாசிப்பவருக்காக எழுதப்படுவதால், உங்களைப் போன்றவர்களுக்கு வழி கிடைப்பதில்லை.

கெயினைக் கூட்டும்போது ராகம் ஏன் கலங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். ஓர் ஆம்ப் கரகரக்கும்போது, அதனுள் செல்லும் இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலுமான புதிய ஒலிகள் பிறக்கின்றன. சட்ஜம் 220 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 330 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் வருவது 110. அது மந்தர சட்ஜம். அதனால்தான் ராக் இசையில் சட்ஜ பஞ்சமத்தை மட்டும் சேர்த்து மீட்டும் பவர் கார்டு எவ்வளவு கெயினிலும் கம்பீரமாக நிற்கிறது. அந்தர காந்தாரத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. இயற்கையான அந்தர காந்தாரம் 275 ஹெர்ட்ஸ். அதிலிருந்து 220-ஐக் கழித்தால் 55, அதுவும் சட்ஜமே. ஆனால் கிதாரின் ஃப்ரெட்டில் அது சற்று உயர்ந்து 277-ஐத் தொடுவதால் கழித்து வரும் 57 எந்தச் சுரத்திலும் சேராமல் உறுமுகிறது. வீணையில் தாளத் தந்திகளை மீட்டுவதுபோல் நீங்கள் கீழ்த்தந்தியில் சட்ஜத்தைத் தட்டிக்கொண்டு மேல்தந்தியில் கமகம் எடுத்தால், அந்த அசைவின் ஒவ்வொரு புள்ளியிலும் இப்படி ஒரு வேண்டாத சுரம் கூடவே நகரும். ராகம் கலங்குவதாக உங்கள் காது சொல்வது இதைத்தான். காது சரியாகவே சொல்கிறது.

ஆகவே உங்களுக்குத் தேவையானது, தெளிவு கெடாமல் சுரத்தை நீட்டிக் கொடுக்கும் ஆம்ப். வால்வுகள் கரகரப்பதற்குச் சற்று முன்பே, ஓங்கிய தொடக்கத்தை அமுக்கி, தேயும் பின்பகுதியை ஒப்பளவில் மேலே கொண்டுவரும் குணம் உடையவை. காம்போதியில் ஒரு நீண்ட ஜாருவை இழுத்துச் சென்று நிறுத்தும்போது அந்தக் கடைசிச் சுரம் உயிரோடு இருக்க இதுவே உதவுகிறது. ரெக்டிஃபயர் வால்வு உள்ள, நடுத்தரத் திறனுடைய, பெரிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஆம்ப்கள் இதில் சிறந்தவை. ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் தெளிவில் ஈடில்லாதது. நான்கு 6எல்6 வால்வுகளோடு 85 வாட் திறன் கொண்டது. ஆனால் அதன் தெளிவு கொஞ்சம் கறாரானது. சுரத்தை நீட்டித் தரும் அமுக்கம் அதில் வருவதற்குள் சபை காதைப் பொத்திக்கொள்ளும். என் அனுபவத்தில், கலிஃபோர்னியக் கைவினைஞர் டம்பிளின் மரபைப் பின்பற்றும் டூ ராக் போன்ற ஆம்ப்களின் தெளிவுச் சேனல், நடு அலைவரிசை நிறைந்து, விரலுக்கு உடனே பதில் தந்து, கமகத்துக்கு மிக நெருங்கி வருகிறது. விலை மிகுதி என்பதை மறைக்கவில்லை. அந்த விலை இயலாதபோது, 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப் ஒன்றை வாங்கி, அரங்கில் அதன் முன் மைக் வைத்து வாசியுங்கள்.

ஸ்பிரிங் ரிவெர்பை மிகக் குறைவாக வையுங்கள். எதிரொலி கூடினால் முந்தைய சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் மேல் படிந்து கம்பிதம் மங்கிவிடும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தாழ்ந்த முழக்கத்தோடு மோதாமல் இருக்க, பேஸ் குமிழையும் நீங்கள் வீட்டில் வைப்பதைவிடக் குறைத்தே மேடையில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் திருச்சபையின் ஆராதனைக் குழுவில் கிதார் வாசிக்கிறேன். எதிரொலிப் பெடல்களை அதிகம் பயன்படுத்துவேன். ஏசி30 வாங்கலாமா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் வாசிப்புக்கு அந்தக் குடும்பம் மிகவும் பொருந்தும். யு2 ராக் குழுவின் கிதார் கலைஞர் எட்ஜ் ஏசி30-ஐயும் டிலே பெடலையும் சேர்த்து உருவாக்கிய ஒலிதான் இன்றைய ஆராதனை இசையின் கிதார் ஒலிக்கு மூலம். ஆனால் பாடும் சபையாரின் குரலே ஆராதனையில் முதன்மையானது என்பதால், இரண்டு இஎல்84 வால்வுகள் மட்டுமே கொண்ட ஏசி15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் பக்கவாட்டில் வைத்து, மைக் வழியாக ஒலிபெருக்கிக்குக் கொடுங்கள். பெடலிலிருந்து வரும் எதிரொலி ஆம்பில் கரகரத்தால் குழம்பிவிடும் என்பதால், ஆம்பை எல்லைக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: டம்பிள், ட்ரெயின்ரெக், மேட்ச்லெஸ் ஆகிய கைவினை ஆம்ப்களைப் பற்றி வியந்து பேசுகிறார்கள். அவற்றுக்கும் அவற்றை அடியொற்றி இன்று செய்யப்படுபவற்றுக்கும் கொடுக்கும் விலை நியாயமா? யாருக்கு எது பொருந்தும்? நான் ஜாஸ் சாயலுடைய ஃப்யூஷன் இசையும் கொஞ்சம் ராக்கும் வாசிக்கிறேன்.
வாசகர், டொராண்டோ

பதில்: மூன்றும் விலை உயர்ந்தவை என்பதைத் தவிர, மூன்றுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. ஒன்றை விரும்புபவருக்கு மற்றது பிடிக்காமல் போவதையே அதிகம் கண்டிருக்கிறேன்.

அலெக்சாண்டர் டம்பிள் கலிஃபோர்னியாவில் தம் வாழ்நாளில் செய்த ஆம்ப்கள் சுமார் 300தான். வாங்க வருபவர் வாசிப்பதைக் கேட்டு, அவருடைய கைக்கு ஏற்பச் சுற்றின் மதிப்புகளை மாற்றி அமைப்பது அவர் வழக்கம். சுற்று வெளியே தெரியாமல் இருக்க அதன்மேல் எபாக்சிப் பசையைப் பூசியும் வைத்தார். 2022-இல் அவர் மறைந்த பிறகு, முன்பே மிகுதியாக இருந்த பழைய டம்பிள்களின் விலை மேலும் ஏறியது. ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விற்பனையாகின்றன. அவருடைய புகழ்பெற்ற ஓவர்டிரைவ் ஸ்பெஷல் மாடலில், தெளிவுச் சேனலுக்குப் பின்னால் கரகரப்பைத் தரும் ஓவர்டிரைவ் நிலை ஒன்று தொடர்ந்து வருகிறது. காலால் சுவிட்சை அழுத்தினால் அது சேர்ந்துகொள்ளும். கரகரப்பு வழுவழுப்பாகவும், தனிச்சுரம் மனிதக் குரல்போல் நீண்டும் வருவதால், ராபன் ஃபோர்ட், லேரி கார்ல்ட்டன் போன்ற ஜாஸ் கலந்த கலைஞர்கள் இதைத் தேடிச் சென்றார்கள்.

நியூ ஜெர்சியின் கென் ஃபிஷர் செய்த ட்ரெயின்ரெக் எக்ஸ்பிரஸ் இதற்கு நேர்மாறான எண்ணத்தில் பிறந்தது. சேனல் மாற்றும் சுவிட்ச் இல்லை. மாஸ்டர் வால்யூம் இல்லை. ஆம்பை ஏற்றி வைத்துவிட்டு, தெளிவோ கரகரப்போ எல்லாவற்றையும் கிதாரின் வால்யூம் குமிழாலும் விரல் அழுத்தத்தாலும் எடுக்க வேண்டும். மீட்டியதும் ஒலி பாய்ந்து வரும் வேகம் வேறெந்த ஆம்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை; அதே வேகம் வாசிப்பவரின் ஒவ்வொரு தவறையும் வெளியே சொல்லிவிடும். ஃபிஷர் தம் ஆம்ப்களுக்கு வரிசை எண் இடாமல் பெண்களின் பெயர்களை இட்டார். 2006-இல் அவர் மறைந்தார். வலக்கையும் சுண்டுவிரலும் நன்கு பழகியவருக்கு மட்டுமே இந்த மரபைப் பரிந்துரைப்பேன்.

1989-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மார்க் சாம்ப்சனும் ரிக் பெரோட்டாவும் தொடங்கிய மேட்ச்லெஸ், ஏசி30-இன் எண்ணத்தை எடுத்து, நாள்தோறும் ஊர் ஊராகப் பயணம் செய்யும் குழுக்களின் மேடையில் உடையாமல் நிற்கும்படி செய்தது. டிசி30 மாடலின் ஒரு சேனலில் உள்ள இஎஃப்86 வால்வு தரும் தடித்த, நிறைவான ஒலி கார்டு வாசிப்பவரை மயக்கும்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். கையால் ஒயரிங் செய்வதாலேயே ஒலி உயர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. நல்ல டிரான்ஸ்ஃபார்மர், நல்ல ஸ்பீக்கர், சரியான சுற்று ஆகியவையே ஒலியைத் தீர்மானிக்கின்றன. கையால் செய்ததன் பயன் பழுது பார்க்கும்போது தெரியும். ஒவ்வொரு பாகத்தையும் தனியே கழற்றி மாற்றலாம் என்பதால், அத்தகைய ஆம்ப் உங்களுக்குப் பிறகும் வாசிக்கப்படும். அந்த ஆயுளுக்கும், ஒருவர் உட்கார்ந்து காதால் கேட்டுச் சரிசெய்த உழைப்புக்கும் விலை கொடுக்க மனம் இருந்தால் நியாயமே. உங்கள் ஃப்யூஷன் வாசிப்புக்கு டம்பிள் மரபுதான் பொருந்தும். வாங்கும் முன் உங்கள் கிதாரையே எடுத்துச் சென்று, நீங்கள் மேடையில் வைக்கும் சத்தத்திலேயே அரை மணி நேரம் வாசியுங்கள். பிறகு கிதாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்துக் கேளுங்கள். அப்போது ஒலி சத்தத்தில் மட்டும் குறைந்து துலக்கம் குறையாமல் இருந்தால் அந்த ஆம்ப் உங்கள் கையோடு ஒத்துப்போகிறது.

கேள்வி: ஆறாம் தந்தியைத் தாழ்த்தி வைத்து மெட்டல் வாசிக்கிறேன். மேசா பூகியின் டூயல் ரெக்டிஃபயர், மார்ஷல் ஜேசிஎம்800, சோல்டானோ எஸ்எல்ஓ100 ஆகியவற்றில் எது?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மேலே ப்ளூஸ் வாசிப்பவருக்கு நான் புகழ்ந்த நெகிழ்வு உங்களுக்கு இடையூறு. உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமர்த்தி வேகமாக மீட்டும்போது, ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாக வெட்டி நிற்க வேண்டும். மின்னழுத்தம் தளர்ந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டூயல் ரெக்டிஃபயரின் பெயருக்குக் காரணமே அதில் வால்வு, சிலிக்கன் டயோடு என்று இரண்டு வகை ரெக்டிஃபயர்கள் இருப்பதுதான். நீங்கள் எப்போதும் டயோடைத் தேர்ந்தெடுங்கள்.

மேசா பூகியை நிறுவிய ராண்டல் ஸ்மித், சிறிய ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்ப்களை மாற்றியமைத்துத் தொடங்கியவர். முன்நிலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெருக்க நிலைகளை அடுக்கி, இறுதியில் மாஸ்டர் வால்யூம் வைத்ததால், சத்தத்தைக் கூட்டாமலேயே ஆழ்ந்த கரகரப்பு பெற வழி பிறந்தது. கிதார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவின் நீண்ட சுரங்கள் அந்த வழியில் வந்தவை. பின்னாளின் மெட்டல் ஆம்ப்களும் அதே வழியில் வந்தவையே. 1987-இல் மைக் சோல்டானோ வெளியிட்ட எஸ்எல்ஓ100 அந்த எண்ணத்தை மிகச் செம்மையாக முடித்துவைத்த ஆம்ப் என்று கருதுகிறேன். டூயல் ரெக்டிஃபயரின் முன்நிலையிலும் அதன் சாயல் தெரிகிறது.

ஜேசிஎம்800-இல் மெட்டலுக்குத் தேவையான கெயின் தனியாகக் கிடைக்காது. முன்னால் பெடல் வேண்டும். டூயல் ரெக்டிஃபயரில் கெயின் மிகுதி, ஆனால் கீழ் அலைவரிசை தளர்ந்து ஓடும். அதற்கும் பெடலே மருந்து. டியூப் ஸ்க்ரீமரின் டிரைவ் குமிழை முழுவதும் குறைத்து, லெவலை மட்டும் கூட்டி வையுங்கள். கரகரப்பு தொடங்கும் முன்பே அது பேஸை வெட்டிவிடுவதால், தாழ்த்திய தந்தியும் கல்போல் நிற்கும். மூன்றில் என் தேர்வு சோல்டானோ. விலை தடையானால் பெடலோடு ஜேசிஎம்800.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வரும்போது ஃபெண்டர் ஆம்ப் ஒன்றைக் கொண்டுவருகிறார். அதை இங்கே நேரடியாகப் பயன்படுத்தலாமா?
வாசகர், மதுரை

பதில்: நேரடியாகச் செருகவே கூடாது. அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். ஃபியூஸ் உடனே எரிந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எரியாவிட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். முதலில் பின்பலகையைப் பாருங்கள். சில ஆம்ப்களில் மின்னழுத்தம் மாற்றும் சுவிட்சோ, டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட்டுக்கான கூடுதல் இணைப்போ இருக்கும். அதை எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவர் மாற்றித் தரலாம். இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பின்பலகையில் எழுதியுள்ள வாட் அளவைப்போல் இருமடங்கு தாங்குவதாகவும், எர்த் இணைப்பு உள்ளதாகவும் வாங்குங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. 60-க்கு மட்டும் அளந்து செய்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு மையம் 50 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு அதிகக் காந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும், சூடாகும். ‘50/60’ என்று எழுதியிருந்தால் கவலை இல்லை. வெறும் 60 என்று இருந்தால், ஒரு மணி நேரம் வாசித்தபின் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் கைவைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிட்டே பயன்படுத்த வேண்டும்.

பணிவோடு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் வாசிக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒத்திகையில், ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருந்ததைக் கவனிக்காமல் வால்யூமை ஏற்றி ஒரு நல்ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை நான் எரித்திருக்கிறேன். போக இடமில்லாத ஆற்றல் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளிலேயே மின்னழுத்தமாக எகிறி, காப்பு எனாமலைப் பொசுக்கிவிடும். அடுத்தது, ஒலி வரவில்லை என்று நீங்களே பின்பலகையைத் திறந்து உள்ளே கைவிடாதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். பவர் வால்வுகளை மாற்றும்போதும், ஃபெண்டரின் 6எல்6, 6வி6 ஆம்ப்களில் பெரும்பாலானவற்றுக்கு பயாஸ் அளவை, அதாவது வாசிக்காதபோதும் வால்வு வழியே ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் அளவை, சரிபார்க்க வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்தே செய்யுங்கள். ஆம்ப் வந்து சேர்ந்ததும் பின்பலகையில் எழுதியுள்ளதை அப்படியே படியெடுத்து எனக்கு அனுப்பினால், எந்த அளவு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.